ஒரு பிடி சாமையின் எடை

தராசை மாட்டிவிட்டுத் திரும்பினேன். உட்கார்ந்திருந்த பதினான்கு பெண்களும் எழுந்து நின்றார்கள். மரியாதைக்கு எழுந்திருக்கிறார்கள் என்று நினைத்து, "உக்காருங்க, உக்காருங்க" என்றேன்.

யாரும் உட்காரவில்லை. மடியில் இருந்த குழந்தைகள் இடுப்புக்கு ஏறின. ஒருத்தி நடந்தாள். அவள் பின்னால் இன்னொருத்தி. முள்ளைத் திருகிப் பூஜ்யத்தில் நிறுத்தி முடிப்பதற்குள் அந்தப் புளியமரத்தடியில் நானும் ஒரு கோழியும்தான் மிச்சம்.

கடைசியாகப் போனவள் வெள்ளச்சி. இடுப்பில் அவள் மகள் பொன்னி. இரண்டு வயது என்றார்கள், பார்த்தால் ஒரு வயதுகூட மதிக்க முடியாது. வெள்ளச்சி நாலடி போய்த் திரும்பி, தராசைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு போய்விட்டாள்.

ஜவ்வாது மலையில் எனக்கு அதுதான் முதல் தை மாதம். வெயில் ஏறிய பிறகும் கை விரல் விறைத்தது. விறைத்த கையோடு தராசைக் கழற்றிப் பெட்டியில் வைத்தேன். என்ன தப்புச் செய்தேன் என்று அன்றைக்கு எனக்குச் சுத்தமாகப் புரியவில்லை.

வேலை என்னவென்றால்

எண்பதுகளின் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷம் கேட்காதீர்கள். என் தம்பி ஒன்று சொல்கிறான், பழைய ரேஷன் கார்டு இன்னொன்று சொல்கிறது.

குழந்தைகளுக்குச் சத்துமாவு கொடுக்கிற வேலை. கண்ணமங்கலத்தில் எங்கள் வீட்டிலிருந்து வேலூர் போய், அங்கே ஒடுகத்தூர் பஸ் பிடித்து, பிறகு அடிவாரத்திலிருந்து நடை. மேலே ஏறுகிற பஸ் உண்டு என்று சொல்வார்கள். நான் போன நாளில் எல்லாம் அது பழுதாகி நின்றிருந்தது.

சட்டம் எளியது. மூன்று வயதுக்குள் இருக்கிற குழந்தையை மாதம் ஒரு தரம் நிறுத்துப் பார்க்க வேண்டும். எடையை ஒரு அட்டையில் புள்ளி வைத்து, போன மாதப் புள்ளியோடு கோடு சேர்க்க வேண்டும். கோடு ஏறாத குழந்தைக்குத் தினம் ஒரு சத்துமாவு உருண்டை. மூன்று மாதம் தொடர்ந்து ஏறினால் உருண்டை நின்றுவிடும். எடை எழுதாத குழந்தைக்கு உருண்டையே கிடையாது.

கொடுத்த தராசு வட்ட முகம், ஒரு முள், கீழே ஒரு கொக்கி. அதில் கால் நுழைக்க இரண்டு ஓட்டை வைத்துத் தைத்த துணிப்பையை மாட்டிக் குழந்தையை உட்கார வைக்க வேண்டும். குழந்தை தொங்கும், அழும், முள் ஆடும். ஆடி நின்றதும் எழுத வேண்டும்.

பயிற்சியில் எங்களுக்குக் கற்றுக் கொடுத்த மேற்பார்வை அம்மா, "உடம்பில் அரைஞாண் கயிறுகூட இருக்கக் கூடாது. எடை என்றால் குழந்தையின் எடை மட்டும்தான்" என்று மூன்று தரம் சொன்னார். நான் மூன்று தரமும் எழுதிக்கொண்டேன். அப்படிப்பட்ட ஆள் நான். பள்ளிக்கூடத்தில் மார்ஜின் விடாத என் நோட்டை நானே கிழித்துப் போட்டவள்.

ஆடத் தெரியாதவள்

ஒரு வாரம் கழித்து மறுபடி கூப்பிட்டேன். யாரும் வரவில்லை. வீடு வீடாகப் போனேன். மலையில் மரியாதைப் பன்மை அவ்வளவாகப் புழங்காது. "வா டீச்சரு, குந்து, களி துன்றியா" என்று அன்பாகத்தான் கேட்பார்கள். தராசுப் பெட்டியைத் திறந்தால் மட்டும் குழந்தை தூங்கிவிடும், அல்லது அத்தை வீட்டுக்குப் போய்விடும்.

எனக்குத் தெரிந்த காரணங்களை எல்லாம் நானே சொல்லிக்கொண்டேன். கண்ணேறு பட்டுவிடும் என்று பயப்படுகிறார்கள் போல என்று நினைத்து, ஒரு மைச்சிமிழ் வாங்கி வந்து, நிறுத்ததும் நானே மை வைக்கிறேன் என்றேன். சிரித்தார்கள். துணி அழுக்கு என்று நினைக்கிறார்களோ என்று துவைத்துக் காய வைத்தேன். கயிறு அறுந்துவிடும் என்று பயமோ என்று ஒரு மூட்டை மண்ணைத் தொங்கவிட்டுக் காட்டினேன். அதற்கு ஊர்க் கவுண்டர் மட்டும் வந்து, மண்ணை எதற்கு நிறுக்கிறேன் என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். மாத அறிக்கையில் 'இவ்வூர் மக்கள் மாற்றத்தை எதிர்க்கிறார்கள். காரணம்: அறியாமை' என்று எழுதி அனுப்பினேன். கையெழுத்து அழகாக வந்திருந்தது.

ஊரில் எனக்குக் கொடுத்திருந்த அறையின் மூலையில் மாவு மூட்டை பிரிக்காமல் கிடந்தது. வெல்லமும் வறுத்த மாவும் கலந்த அந்த வாசனை கதவைத் திறந்தாலே முகத்தில் அடிக்கும். வெள்ளச்சி காட்டுக்குப் போவது அந்தக் கதவைத் தாண்டித்தான். இடுப்பில் இருக்கிற பொன்னி மூக்கைச் சுளித்து மோந்து பார்க்கும். நான் நோட்டைப் பார்ப்பது போலக் குனிந்துகொள்வேன்.

நடுவில் ஒரு குக்கர்

இந்த இடத்தில் என் அம்மாவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

எழுபதுகளின் நடுவில் என் அண்ணன் சம்பாதிக்க ஆரம்பித்ததும் அம்மாவுக்கு ஒரு குக்கர் வாங்கி வந்தான். எங்கள் தெருவில் முதல் குக்கர். அம்மா அதற்குக் குங்குமம் வைத்தாள், கும்பிட்டாள், பரணில் ஏற்றிவிட்டாள். "வெடிச்சுடும்டா" என்றாள். எங்கேயும் எதுவும் வெடித்ததாக நாங்கள் கேள்விப்பட்டதில்லை.

ஆறு மாதம் கழித்து ஒரு நாள் குக்கர் அடுப்பில் இருந்தது. அண்ணனுக்கு வாயெல்லாம் பல். கிட்டே போய்ப் பார்த்தால், ரப்பர் வளையம் இல்லை, விசில் இல்லை. மேலே ஈயத்தட்டு மூடி. வெறும் பாத்திரமாகச் சோறு வெந்துகொண்டிருந்தது. "நல்ல கனமான ஏனம். அடி புடிக்கல" என்று அம்மா அண்ணனைப் பாராட்டினாள்.

அண்ணன் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அம்மா குக்கரை ஏற்றுக்கொண்டாளா, மறுத்தாளா? அன்றைக்கு நான் அண்ணன் பக்கம். இன்றைக்கு எந்தப் பக்கம் என்று கேட்டால் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

மறுபிடி

பங்குனியில் புளி உலுக்கினார்கள். ஊர் முழுக்கப் புளிப்பு வாசனை. எல்லார் விரலும் பழுப்பாக இருந்தது. ஒடுகத்தூரிலிருந்து வியாபாரி வந்தார். வந்தவர் நேராக அந்தப் புளியமரத்துக்குப் போய், நான் தையில் தராசு மாட்டிய அதே கிளையில் தன் தராசை மாட்டினார். வட்ட முகம், ஒரு முள், கீழே ஒரு கொக்கி. என்னுடையதற்கு அண்ணன் மாதிரி இருந்தது.

நான் கிட்டே போய் நின்று பார்த்தேன்.

ஒவ்வொரு கூடையாகத் தொங்கவிட்டு இறக்கினார்கள். இறக்கிய கூடை கழுதை மேல் ஏறுவதற்கு முன், மரத்துக்குச் சொந்தக்காரி அதிலிருந்து ஒரு கை புளியை அள்ளிக்கொண்டு போய் அவளுடைய மரத்தடியில் போட்டாள். வியாபாரி அதைப் பார்த்தும் பார்க்காதது போல இருந்தார். ஒவ்வொரு கூடைக்கும் இப்படியே நடந்தது.

பக்கத்தில் நின்ற வெள்ளச்சியிடம் கேட்டேன். "இன்னாக்கா இது?"

"மறுபிடி."

"எதுக்கு?"

அவள் என்னைச் சின்னக் குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "கொக்கில தொங்கினது எதுனா இந்த ஊர்ல நின்னுகீதா, நீயே சொல்லு. புளி போச்சு, கடுக்கா போச்சு, தேனு போச்சு. தொங்கினா கீழ எறங்கிடும். ஒரு பிடி இங்க நின்னாத்தான் அடுத்த வருசம் திரும்பி வரும்."

சொல்லிவிட்டு, பொன்னியை இடுப்பில் இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

தையிலிருந்து நான் எழுதிய அறிக்கைகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அந்தக் கிளையில், அந்தக் கொக்கியில், பெற்ற பிள்ளையைக் கொண்டு வந்து மாட்டு என்று சொல்லியிருக்கிறேன். எழுந்து போகாமல் என்ன செய்வார்கள்?

முயலுக்கு மூன்றே கால்

விஷயம் புரிந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். தராசை மரத்தில் மாட்டாமல் என் அறை விட்டத்தில் மாட்டினேன். அதற்குள் ஊர்ப் பெண்கள் தாங்களாகவே கூடிப் பேசியிருந்தார்கள். அவர்கள் சார்பாக வெள்ளச்சி வந்தாள்.

"டீச்சரு, நாங்க பேசிக்கினோம். புள்ளைங்கள மாட்டிக்கோ, வேணாங்கல. ஆனா கையில ஒரு பிடி சாமை முடிஞ்சி வுடுவோம். எறக்கினதும் அத நாங்க எடுத்துக்குவோம்."

"மறுபிடியா?"

"ஆமா. புள்ளைலருந்து எதைப் பிச்சி எடுக்கறது? அதான் சாமை."

இப்போது எழுதும்போது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. முன்னோர் வைத்த வழக்கத்தில் குழந்தைக்கு இடம் இல்லை. இவர்களே ஒரு இடம் உண்டாக்கிக்கொண்டு வந்து நிற்கிறார்கள். தராசை அவர்கள் பார்த்து மூன்று மாதம்கூட முழுசாக ஆகவில்லை.

அன்றைக்கு எனக்கு ஆச்சரியம் வரவில்லை. "அதெல்லாம் கூடாதுக்கா. எடை தப்பாக் காட்டும்" என்றேன்.

"ஒரு பிடிதானே."

"ஒரு பிடின்னாலும் எடை எடைதான். கயிறுகூடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"யாரு?"

"மேல."

"மேல நாங்கதானே கீறோம்" என்றாள் வெள்ளச்சி. கிண்டல் இல்லை. மலையில் இருப்பவளுக்கு மேலே வேறு யார் இருக்க முடியும்?

பங்குனி போயிற்று, சித்திரை போயிற்று, வைகாசியும் போயிற்று. சாமி வரம் கொடுத்தும் பூசாரி கொடுக்காத கதை. அவர்கள் சாமை வேண்டும் என்றார்கள், நான் கூடாது என்றேன். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். மேற்பார்வை அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் என்னை என்ன நினைப்பார் என்று கூச்சம். அறிக்கையில் மட்டும் 'மக்கள் மாற்றத்தை எதிர்க்கிறார்கள்' என்பது மாதாமாதம் தவறாமல் போயிற்று.

மாவில் வண்டு வைத்தது. சலித்தேன். மறுபடி வைத்தது.

ஆனியில் ஒரு காலை வெள்ளச்சி வந்து வாசலில் குந்தினாள். புருஷன் மூங்கில் வெட்டப் போய் மாதம் இரண்டாகிறது. பொன்னி அவள் மடியில் கிடந்தது. தையில் மரத்தடியில் கோழியைத் துரத்திய குழந்தை. இப்போது நிறுத்தி வைத்தால் கால் மடங்கிப்போகிறது என்றாள். தலைமயிர் செம்பட்டையாகி இருந்தது.

"டீச்சரு, ஒண்ணு கேக்கட்டா? எங்களுக்குப் புள்ள போய்டும்னு பயம். நீ இன்னாத்துக்குப் பயப்படற?"

"இரு" என்று சொல்லி உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். என் டப்பாவிலிருந்து ஒரு பிடி சாமையை அள்ளிக் கைக்குட்டையில் முடிந்து கொக்கியில் மாட்டினேன்.

முள் அசையவில்லை.

இன்னும் கொஞ்சம் அள்ளிப் போட்டேன். லேசாக நடுங்கியது போல இருந்தது, அவ்வளவுதான். அந்தத் தராசில் ஒரு சின்னக் கோடு என்பது நூறு கிராம். ஒரு பிடி சாமை அதன் கண்ணுக்கே தெரியவில்லை. தராசுக்குத் தெரியாத எடைக்காக நான் மூன்று மாதம் சண்டை போட்டிருக்கிறேன்.

வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. அதை வெளியே சொல்லவில்லை. கதவைத் திறந்து, "சாமை கட்டிக்கிட்டே மாட்டலாம்க்கா. மேல ஒத்துக்கிட்டாங்க" என்று பொய் சொன்னேன்.

அன்று சாயங்காலத்துக்குள் பதினான்கு குழந்தைகளும் தொங்கி இறங்கின. ஒவ்வொன்றின் கையிலும் ஒரு சின்ன முடிச்சு. பொன்னி அழக்கூட இல்லை. முள் போய் நின்ற இடத்தைப் பார்த்து நான் இரண்டு தரம் கண்ணைத் துடைத்துப் பார்த்தேன். ஆறரைக் கிலோ.

நல்ல மாற்றம்

பொன்னிக்கு உருண்டையை முதலில் தண்ணீரில் கரைத்துத்தான் கொடுக்க முடிந்தது. பத்து நாளில் கடித்தது. ஆடியில் கோடு ஏறியது. அந்த மாதம் மேற்பார்வை அம்மா வந்தார். குழந்தைகளின் கையில் இருந்த முடிச்சுகளைப் பார்த்தார். "என்ன அது?" என்றார். "கையில எதையாவது புடிச்சிருந்தா அழாதுங்க மேடம்" என்றேன். நல்ல யோசனை என்று குறித்துக்கொண்டார். போகும்போது பதிவேட்டில் 'மக்களிடம் நல்ல மாற்றம் தெரிகிறது' என்று எழுதினார்.

மக்கள் என்று அவர் யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை.

ஆவணியிலும் கோடு ஏறியது. பொன்னி சுவரைப் பிடித்து நின்றது. புரட்டாசியிலும் ஏறினால் உருண்டை நின்றுவிடும். இதை நான்தான் எல்லோருக்கும் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். சாமை விதைத்து அப்போதுதான் கதிர் வாங்குகிற சமயம். அறுப்புக்கு இன்னும் நாள் இருந்தது. எந்த வீட்டிலும் குதிரில் கை விட்டால் அடி தட்டும்.

புரட்டாசியில் எடை போடும் நாள். வெள்ளச்சியின் முறை வந்தது. பொன்னியைத் தூக்கி அவளே துணிப்பையில் உட்கார வைத்தாள். குழந்தையின் கை வெறுமையாக இருந்தது.

"அக்கா, மறுபிடி எங்க?" என்றேன்.

"வேணாம், மாட்டு."

"இன்னாக்கா, மறந்துட்டியா? நான் தரட்டா?"

"வேணாங்கறேன்ல." குரலைத் தாழ்த்தினாள். "அது கனம் காட்டும். கோடு ஏறிட்டா மாவு நின்னுடும்னு நீதானே சொன்ன. புள்ள எங்கியும் போவாது, நான் பாத்துக்கறேன். மாவுதான் போய்டும்."

ஒரு பிடி சாமைக்காக மூன்று மாதம் மகளை என்னிடம் கொடுக்காதவள் இவள். அந்த நம்பிக்கை இத்தனை சுலபமாக எங்கே போயிற்று? அல்லது கனம் காட்டும் என்பதெல்லாம் சும்மாவா, வீட்டில் ஒரு பிடி சாமைகூட இல்லையா? கேட்க வாய் வரவில்லை. சாமைக்கு முள் அசையாது என்பதையும் நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அந்த மூன்று மாதத்துக்குப் பதில் சொல்ல வேண்டிவரும்.

உண்மையைச் சொன்னால், எனக்குத்தான் பயமாக இருந்தது. மறுபிடி இல்லாமல் ஒரு குழந்தையைத் தொங்கவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. பத்தாவது வரைக்கும் படித்த, கண்ணமங்கலத்துக்காரியான எனக்கு. என்ன பைத்தியக்காரத்தனம் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

மாட்டினேன். பொன்னி கால்களை உதைத்தது. முள் ஆடி நின்றது. எட்டுக்குக் கொஞ்சம் மேலே.

வெள்ளச்சிக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் அட்டைக் கோடு தெரியும். என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் மற்றப் பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் அட்டையில் ஏழரைக்கு நேராகப் புள்ளி வைத்தேன். போன மாதப் புள்ளியிலிருந்து கோடு இழுத்தேன். கோடு கீழே இறங்கியது.

அரைஞாண் கயிற்றுக்குக்கூட இடம் கொடுக்காத கை அது. எப்படி எழுதியது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

வெள்ளச்சி பொன்னியை இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அவள் அட்டையை வாங்கி அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தாள்.

"கம்மியா எழுதிட்டியா?"

"ஆமாக்கா."

"இப்டி எழுதலாமா?"

நான் பேனாவை மூடினேன். அவள் குரலில் கோபம் இல்லை, கேட்க வேண்டியதைக் கேட்டாள், அவ்வளவுதான்.

"எழுதலாம்னா, தையிலேயே எழுதியிருக்கலாமே டீச்சரு. புள்ளைய மாட்டாமலே மாவு குடுத்திருக்கலாமே."

பொன்னிக்கு உருண்டையை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனார்கள். அடுத்தவள் குழந்தையோடு உள்ளே வந்துவிட்டாள்.